கரண்டு போகாத புதன்கிழமை

அருப்புக்கோட்டையில் கரண்டு போனால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் சங்கரபாண்டியன்தான். பதினாறு விசைத்தறி வைத்திருக்கிற மனுஷன் கரண்டு போனதற்குச் சந்தோஷப்பட்டால் தெரு என்ன பேசும்? வாய்க்கு வந்ததையெல்லாம் பேசியது. முன்கோபக்காரர் என்பதால் அவர் முகத்துக்கு நேரே மட்டும் யாரும் பேசவில்லை.

அது எண்பத்தாறாம் வருஷம். மழை ஏமாற்றி, அணையெல்லாம் வறண்டு, ஒவ்வொரு தெருவுக்கும் வாரத்தில் ஒரு நாள் மின்வெட்டு வைத்திருந்தார்கள். இந்தத் தெருவுக்குப் புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வரும். தெருவில் ஐந்து தறிக்கூடங்கள். மற்ற ஆறு நாளும் அங்கே பெண்டாட்டியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதென்றால்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். புதன்கிழமை மட்டும் காக்கா கத்துவது கேட்கும். அடுத்த வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்கும். இப்படி ஒரு அமைதியைச் சும்மா தூங்கித் தீர்க்கலாமா என்று கேட்டுத்தான் சங்கரபாண்டியன் தன் தறிக்கூடத்தில் கச்சேரி வைக்க ஆரம்பித்தார்.

மாதத்தில் ஒரு புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு. மைக் கிடையாது. கரண்டே இல்லாதபோது மைக் எங்கே வரும்? தறிகளுக்கு நடுவில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, செங்கல் அடுக்கி, அதன்மேல் பழைய தேக்குக் கதவு ஒன்றைப் படுக்க வைப்பார்கள். அதுதான் மேடை. நாற்பது பேர் உட்கார்ந்தால் இடம் முடிந்தது. தறிச் சந்தில் இருவர், நூல் மூட்டைமேல் மூவர் என்று ஒண்டிக்கொள்வார்கள். தறி ஓட்டுகிறவர்களும் உண்டு, பலசரக்குக் கடைக்காரர்களும் உண்டு, தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற பெண்களும் உண்டு. எவருக்கும் ராகத்தின் பெயர் தெரியாது. அதனால் என்ன? "போன மாசம் வாசிச்சாரே, வயித்தப் பெசயுற மாதிரி ஒண்ணு, அத இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். வித்வானுக்கு அது புரிந்துவிடும்.

கைதட்டக் கூடாது என்பது அங்கே சட்டம். முதல் கச்சேரியில் புல்லாங்குழல்காரர் ஒருவர் பிரமாதமாக வாசித்து முடித்தார். நாற்பது பேரும் சேர்ந்து தட்டினார்கள் பாருங்கள், கூரைச் சட்டத்தில் வருஷக்கணக்காக ஒட்டிக் கிடந்த பஞ்சுத்தூசி மொத்தமும் பொலபொலவென்று தலையில் கொட்டியது. வித்வான் உட்பட அத்தனை பேரும் கால் மணி நேரம் தும்மினார்கள். அன்றிலிருந்து பாட்டு பிடித்தால் கையை மட்டும் உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். சத்தமே இல்லாமல் நாற்பது உள்ளங்கைகள் மேலே எழும்பும். வீரசோழனிலிருந்து வந்த ஆர்மோனியக்காரர் அதைப் பார்த்து முதலில் பயந்தே போனார். விஷயம் தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு பாட்டு வாசித்தார்.

கோயில் பொங்கலுக்கு மேடை போட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கேட்கிற கச்சேரியும் கச்சேரிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே வித்வான் மூச்சு வாங்குவது கேட்குமா? பாடுகிறவர் ஒரு சங்கதியை எடுப்பதற்கு முன்னால் தனக்குள் சிரித்துக்கொள்வது தெரியுமா? இங்கே தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவனின் தலையாட்டலைப் பார்த்து வித்வான் இன்னொரு சுற்று வாசிப்பார். அந்தச் சுற்று அந்த ஒருத்தனுக்காகவே வாசித்தது. ஆயிரம் பேர் கூட்டத்தில் யாருக்குக் கிடைக்கும் அது!

சங்கரபாண்டியன் எப்போதும் மேடைக்கு இரண்டு முழம் தள்ளி, இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவார். கூடத்துக்குச் சொந்தக்காரர், அந்தப் பவிசு என்று ஊரார் நினைத்தார்கள். பவிசாவது ஒன்றாவது. அவருக்கு வலது காது அடியோடு போய்விட்டிருந்தது. மதுரை டாக்டர், "தறிச் சத்தத்திலேயே முப்பது வருஷம் இருந்திருக்கிறீர்கள். இடது காதும் இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் பெரிது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி முத்துமாரியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் அந்த ஒரு வருஷத்துக்குள் கேட்டுவிட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தார். புதன்கிழமைக் கச்சேரி அப்படிப் பிறந்ததுதான்.

அவர் மிகவும் கேட்க ஆசைப்பட்டது ராக்கம்மாளின் வீணையை. வீணை வாசிக்கிற பெண்ணுக்கு ராக்கம்மாள் என்று பெயரா என்று கேட்காதீர்கள். காரியாபட்டித் தபால் ஆபீசில் தபால்தலை விற்கிற பெண்மணி. அப்பா மதுரையில் ஒரு வீணை வித்வான் வீட்டில் சமையல்காரர். அடுப்படியில் இருந்து கேட்டுக் கேட்டே விரல் பழகிவிட்டது. பிறகு அந்த வித்வானே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். கூட்டத்தில் வீணைச் சத்தம் செத்துப்போகும், மைக்கில் வேறு குரலாகிவிடும் என்று ராக்கம்மாள் மேடையே ஏறுவதில்லை. இப்படி ஒரு இடம் இருக்கிறது, மைக் இல்லை, தெருவே அமைதியாக இருக்கும் என்று சங்கரபாண்டியன் பதினோரு மாதம் கடிதமாக எழுதித் தள்ளினார். கடைசியில் பதில் வந்தது. 'எனக்குத் தர்மபுரிக்கு மாற்றல் ஆகிவிட்டது. அடுத்த வாரம் கிளம்புகிறேன். இந்தப் புதன்கிழமை லீவு போட்டு வருகிறேன். அமைதிதான் முக்கியம்.'

கடிதத்தை அவர் நாலு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் செய்தியில் ரேடியோக்காரர் சொன்னார். மேற்கே நல்ல மழை, அணைகள் நிரம்பிவிட்டன, நாளை முதல் மின்வெட்டு கிடையாது.

தெருவே குதித்தது. சங்கரபாண்டியன் மட்டும் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். "மழை பேஞ்சதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கற ஒரே ஆளு நீங்கதேன்" என்றாள் முத்துமாரியம்மாள்.

புதன்கிழமை விடிந்ததும் தன் பதினாறு தறியையும் நிறுத்திவிட்டு ஒவ்வொரு தறிக்கூடமாக ஏறி இறங்கினார். மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை, இரண்டே மணி நேரம். மூன்று பேர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அவர்களும் கச்சேரிக்கு வருகிறவர்கள்தான். "ஏலே, இத்தன வருசத்துல நீ ஒருத்தங்கிட்ட எறங்கிப் பேசி நான் பாத்ததில்ல, அதுக்காகவே நிப்பாட்டுறேன்" என்று ஒருவர் சொன்னார். மிச்சம் ஒரே ஒரு தறிக்கூடம். நேர் எதிரே இருப்பது. இருபத்திநாலு தறி. சின்னத்துரையுடையது.

சின்னத்துரையோடு ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. சங்கரபாண்டியன் மூத்த மகள் கல்யாணத்துக்கு எதிர்வீட்டுக்காரருக்கு முதல் பத்திரிகை வைக்கலாம் என்று தாம்பாளத்தோடு கிளம்பினார். சின்னத்துரை அப்போதுதான் தெருவில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போய் மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை தெருவே பார்க்கிற மாதிரி கூப்பிட்டார். அந்த மனுஷன் காதில் விழாத மாதிரி விறுவிறுவென்று தன் கூடத்துக்குள் போய்விட்டார். வெற்றிலை பாக்கும் குங்குமமும் பத்திரிகையுமாகத் தெருவில் தனியாக நிற்கிற அவமானம் பட்டவர்களுக்குத்தான் தெரியும். தாம்பாளம் அப்படியே வீடு திரும்பியது. சின்னத்துரையும் கல்யாணத்துக்கு வரவில்லை. திமிர் பிடித்த ஆள் என்று சங்கரபாண்டியன் அன்றைக்குத் தலை முழுகியவர்தான்.

அவன் வாசலில் போய் நிற்பதா? செத்தாலும் மாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

இரண்டு மணி பஸ்ஸில் ராக்கம்மாள் வந்து இறங்கினார். வீணைக்கும் ஒரு டிக்கெட் எடுத்து, பக்கத்து சீட்டில் அதை உட்கார வைத்துக் கொண்டுவந்திருந்தார். நாற்பது வயசிருக்கும். வெயிலில் கறுத்த முகம், பெரிய குங்குமப் பொட்டு. முத்துமாரியம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கதவு மேடையில் ஏறி உட்கார்ந்தார். வீணையின் குடம் கதவின்மேல் உட்கார்ந்தது. ஆட்கள் வந்து இடம் பிடித்துவிட்டார்கள். மூன்று மணிக்குத் தெருவில் மூன்று தறிக்கூடங்களும் சொன்ன சொல் தவறாமல் நின்றன. எதிரே இருபத்திநாலு தறியும் டடக் டடக் என்று இடித்துக்கொண்டிருந்தன.

ராக்கம்மாள் சுருதி சேர்த்துப் பார்த்தார். காதைத் தந்தியோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் மீட்டுறது எனக்கே கேக்கலைங்களே" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

சங்கரபாண்டியனுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

சின்னத்துரை தன் கூடத்தின் கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சங்கரபாண்டியன் வாசலில் நின்று "அண்ணாச்சி" என்றார். அசைவில்லை. ஆறு வருஷத்துக் கோபமும் ஒரே மூச்சில் உச்சந்தலைக்கு ஏறியது. இரண்டு வரிசைத் தறிகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து நேரே அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"மத்த மூணு பேரும் நிப்பாட்டிட்டாக. நீங்களும் ரெண்டு மணி நேரம் தறிய நிப்பாட்டுங்க."

சின்னத்துரை அவர் வாயையே பார்த்தார். "எதுக்கு?"

"எதுக்கா?" சங்கரபாண்டியன் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு வலது காது போச்சு. இடது காது ஒரு வருசந்தேன்னு டாக்டரு சொன்னாரு, அதுவும் முடியப் போகுது. அந்தம்மா அடுத்த வாரம் தர்மபுரி போறாக. இன்னைக்கு விட்டா இந்த சென்மத்துல அந்த வீணைய நான் கேக்க முடியாது. போதுமா?"

சொன்ன பிறகுதான் எதைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. கட்டின மனைவியிடம் சொல்லாததை எதிரியிடம் சொல்லியாயிற்று. நல்லவேளை, அந்த இடி ஓசையில் இரண்டடி தள்ளி நின்ற தறிக்காரனுக்குக்கூட ஒரு சொல் கேட்கவில்லை. தறிக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் பேச்சை உதட்டில்தான் பார்ப்பார்கள். சின்னத்துரை கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு எவ்வளவு நாளா?" என்றார்.

"ஒரு வருசமா."

"எனக்கு எட்டு வருசமாச்சுலே. ரெண்டு காதுந்தேன்."

சங்கரபாண்டியன் இன்னும் ஓரடி கிட்டே போனார்.

"வெளிய தெரிஞ்சா யாவாரத்துல நம்மள மதிப்பானா? எல்லாம் வீட்டுக்காரிதேன் பேசிக்கிறா. நான் உதட்டப் பாத்துச் சமாளிக்கேன்" என்றார் சின்னத்துரை.

"அப்ப, எம் மக கல்யாணத்துக்குக் கூப்பிட்டது?"

"நீ எங்கடா கூப்பிட்ட? எதுத்த வீட்டுக்காரன், தெருப்பூராம் பத்திரிகை வச்ச, எனக்கு வைக்கல. எம்புட்டு வருத்தப்பட்டேன் தெரியுமா?"

"மூணு தடவ கூப்பிட்டேன் அண்ணாச்சி. தட்டத் தூக்கிக்கிட்டு, உங்க முதுகுக்குப் பின்னால நின்னு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வருஷம்! எத்தனை நல்லது கெட்டது, எத்தனை தீபாவளி. இருவருக்கும் நடுவே இருபதடித் தெருதான். இவர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றும், அவர் இவரை மரியாதை தெரியாதவன் என்றும் வைது தீர்த்திருக்கிறார்கள். அட மடப் பயல்களா என்று இரண்டு பேர் தலையிலும் ஒரு குட்டு வைக்கலாம் போலத் தோன்றுகிறது.

சின்னத்துரை எழுந்தார். யாரையும் கூப்பிடவில்லை. தானே போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். இருபத்திநாலு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு வாங்கி நின்றன.

தெருவில் அப்போது இறங்கிய அமைதி மின்வெட்டு அமைதியைப் போல இல்லை. அது வேறு வழியில்லாமல் வருவது. இது ஐந்து பேர் சேர்ந்து கொடுத்தது.

ராக்கம்மாள் தந்தியைத் தொட்டார். அவ்வளவுதான், கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இருந்த இடத்திலேயே நிமிர்ந்துவிட்டார்கள். சங்கரபாண்டியன் தன் இரண்டு முழத் தூரத்தில், இடது காதைக் கொடுத்து உட்கார்ந்தார். தந்தியில் விரல் நகர்கிற சின்ன கிறீச்சொலிகூடக் கேட்டது. ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அதை அப்படியே இழுத்து, வளைத்து, அது அடங்கப் போகிற நேரத்தில் இன்னொன்றை அதன் பக்கத்தில் வைக்கிறார். பெண்ணுக்குத் தலை பின்னுகிற தாய் மாதிரி அவசரமே இல்லை அந்தக் கையில். இதற்காகப் பதினோரு மாதம் என்ன, பதினோரு வருஷம் கடிதம் எழுதலாம் என்று நினைத்தார் சங்கரபாண்டியன். தபால்தலை கிழித்துக் கொடுக்கிற விரலா இது! எத்தனை பேர் அந்த ஜன்னலில் சில்லறைக்குச் சண்டை பிடித்திருப்பார்கள், யாருக்காவது தெரிந்திருக்குமா?

இரண்டாவது பாட்டு பாதியில் வாசலில் நிழல் தட்டியது. சின்னத்துரை நின்றுகொண்டிருந்தார். தெருவே அவரை அதிசயமாகப் பார்த்தது. சங்கரபாண்டியன் கையசைத்துக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இடம் விட்டார். கனத்த உடம்பு. உட்காரும்போது தடுமாறி, பிடிமானத்துக்காகக் கதவு மேடையின் ஓரத்தில் உள்ளங்கையை ஊன்றினார்.

சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். கையைத் திருப்பிப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவின்மேல் உட்கார்ந்திருக்கிற வீணைக் குடத்தைப் பார்த்தார். பிறகு பயந்து பயந்து மறுபடி கையை வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் அவருடைய இன்னொரு கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. ஒரு அடிகூடத் தப்பவில்லை. அந்தப் பெரிய முகத்தில் கண்ணீர் வழிய, துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

ராக்கம்மாள் அதைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கதவின்மேல் இருக்கிற கையையும் வழிகிற கண்ணையும் பார்த்தார், அவ்வளவுதான். பாட்டை அப்படியே கீழே இறக்கி, கனத்த தந்திக்குக் கொண்டுபோனார். தடித்த தந்தியை மீட்டினால் தேக்கு அதிரும். வாசித்த கையே மெதுவாகி, ஒவ்வொரு சுரத்துக்கும் அந்த உள்ளங்கையில் போய்ச் சேர நேரம் கொடுத்தது. எதிரே இருக்கிற ஒரு ஆளுக்காகப் பாட்டின் பாதையையே மாற்றுவதற்கு எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும்! அந்த அம்மாளுக்கு அது இருந்தது. இரண்டு முழத்தில் இருந்ததால்தான் அந்தக் கை அவர் கண்ணிலும் பட்டது.

சங்கரபாண்டியன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். இருக்கிற ஒரே நல்ல காதை, ஒரு வருஷமாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்த இடது காதை, விரலால் இறுக அடைத்துக்கொண்டார். உலகம் இருண்ட மாதிரி எல்லாச் சத்தமும் நின்றது. மறு கையைக் கதவின்மேல் வைத்தார்.

முதலில் ஒன்றும் இல்லை. வெறும் மரம். பிறகு உள்ளங்கைக்குள் ஏதோ நடந்து போயிற்று. நின்றது. வளைந்தது. திரும்பி வந்து மணிக்கட்டு வழியாக ஏறி நெஞ்சுக்குள் இறங்கியது. அதே பாட்டுதான். ஒரு வருஷமாக வயிற்றில் கிடந்த பயம் மெல்ல அவிழ்வது அவருக்குத் தெரிந்தது. காதைத் திறக்க அவர் அவசரப்படவில்லை.

பாட்டு முடிந்ததும் நாற்பது கைகள் சத்தமில்லாமல் மேலே எழும்பின. சின்னத்துரை சுற்றிலும் பார்த்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கூட்டம் மெச்சுவதை மற்றவர்களைப் போலவே முழுசாகத் தெரிந்துகொண்டார் அவர். தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

ஐந்து மணிக்கு எல்லோரும் கலைந்தார்கள். வீணையை உறையில் போட்டுக்கொண்டே ராக்கம்மாள், "இந்த மாதிரி நான் எங்கயும் வாசிச்சதில்லைங்க. தர்மபுரியில இருந்தாலும் வருசத்துக்கு ஒருக்கா வாரேன். இந்தக் கதவ மட்டும் மாத்திடாதீக" என்றார். முத்துமாரியம்மாள் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆம்பிளைகளும் கதவின்மேல் கை வைத்திருந்ததை அவளும்தான் பார்த்தாள். "ராத்திரி சொல்றேன்" என்றார் சங்கரபாண்டியன். "எனக்குத் தெரியாதாக்கும், ரேடியோவ நீங்க அலற வைக்கிறதுலயே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னத்துரை தெருவில் இறங்கித் தன் கூடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார். தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. இரண்டாவது மகளுக்கு வருகிற தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார் சங்கரபாண்டியன். பத்திரிகை அச்சாகி அலமாரியில் இருந்தது. ஓடிப்போய் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். பழக்கதோஷத்தில் கூப்பிட வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டார். எட்டி நடந்து, பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டார்.

சின்னத்துரை திரும்பிப் பார்த்தார்.